வேலை பார்த்துக்கொண்டே கணக்கியல் தேர்வுக்குப் படிப்பது எப்படி?

கேள்வி: “கணக்காளர் பயிற்சியில் இரண்டாவது வருடம். பகலில் வேலை, இரவில் படிப்பு. நிதி அறிக்கைத் தாளில் ஒருமுறை தோற்றுவிட்டேன், இன்னும் மூன்று மாதத்தில் மறுபடி எழுத வேண்டும். எவ்வளவு படித்தாலும் நிற்கவில்லை. அலுவலகத்திலும் சில்லறை வேலைகள்தான் தருகிறார்கள். எப்படிப் படிப்பது? இந்தத் துறையில் எப்படி முன்னேறுவது?”

பகலில் வேலை, இரவில் படிப்பு என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அந்தப் பிரிவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்சியில் இருப்பவர்களின் வேலையைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் பொறுப்புகளில் ஒன்று. அவர்களில் வேகமாக வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். கையில் என்ன வேலை வந்தாலும், “இது நிதி அறிக்கையில் எங்கே போய் நிற்கும்?” என்று கேட்டுக்கொள்வார்கள். இரவில் அவர்கள் புத்தகத்தைத் திறக்கும்போது பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்த முகமாக இருக்கும்.

ஆண்டு இறுதியில் கிடங்குக்குப் போய்ச் சரக்கு எண்ணுவதைக் கண்காணித்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சில்லறை வேலை என்று சொல்வதில் இதுவும் சேரும். ஆனால் சரக்கு முக்கியமான தொகையாக இருந்தால் தணிக்கையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை ஐஎஸ்ஏ 501 சொல்வது. அங்கே ஒரு மூலையில் நீண்ட நாளாக நகராத சரக்கு 200 அலகு கிடக்கிறது. ஒன்றின் அடக்க விலை 500. அடுத்த மாதம் அது ஒன்று 480 என்று விற்றுப்போனதாக இன்வாய்ஸ் வருகிறது, ஒவ்வொன்றையும் விற்பதற்கு ஆன செலவு 30. நிகரமாகக் கிடைத்தது 450. அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கைக் காட்ட வேண்டும் என்கிறது பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 2. ஆண்டு முடிந்தபின் நடந்த அந்த விற்பனை, ஆண்டு இறுதியிலேயே மதிப்பு குறைந்திருந்ததற்குச் சாட்சி என்கிறது ஐஏஎஸ் 10. ஆகவே ஒன்றுக்கு 50 வீதம் 200 அலகுக்கு 10,000 குறைக்க வேண்டும். விற்ற சரக்கின் அடக்கத்துக்கு டெபிட், சரக்கு இருப்புக்கு கிரெடிட். லாபம் 10,000 குறைகிறது.

சரி, பணப்புழக்க அறிக்கையில் என்ன ஆகும்? லாபத்தில் தொடங்கிப் பணத்துக்கு வந்து சேரும் மறைமுக முறையில் லாபம் 10,000 குறைவாகத் தொடங்கும். கீழே சரக்கு இருப்பின் மாற்றம் அதே 10,000ஐத் திருப்பிக் கொடுத்துவிடும். பணம் அசையவே இல்லை. கிடங்கில் கழித்த ஒரு நாள் இரண்டு கணக்கியல் தரநிலை, ஒரு தணிக்கைத் தரநிலை, மூன்று அறிக்கைகள் என்று விரிந்துவிட்டது. இதைப் புத்தகத்தில் படித்தால் மூன்று வெவ்வேறு அத்தியாயங்களாக இருக்கும். தேர்வில் ஒரே கேள்வியாக வரும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அன்று தொட்ட ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று நான்கு வரி போதும்: என்ன பதிவு, ஏன் அப்படி, எந்த அறிக்கையில் எந்த வரியில் போய்ச் சேருகிறது. பேங்க் ரெக்கன்சிலியேஷன் (நம் புத்தக இருப்பையும் வங்கி இருப்பையும் ஒத்துப்பார்ப்பது) போட்டால் ஆண்டு இறுதிக்கு முன் எழுதி இன்னும் வங்கிக்குப் போகாத காசோலையைப் பற்றி எழுதுங்கள். சொத்துப் பதிவேடு பார்த்தால் தேய்மானம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று எழுதுங்கள். (வாங்கிய நாளோ முதன்முதலில் ஓட்டிய நாளோ கணக்கில்லை, பயன்பாட்டுக்குத் தயாரான நாள் என்பது ஐஏஎஸ் 16. இந்த இடத்தில் நிறைய பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.) வாடிக்கையாளர் பெயரோ அவர்களுடைய உண்மையான எண்களோ அந்த நோட்டில் வரவே கூடாது. எண்களை மாற்றி எழுதுங்கள்.

இனி, படித்தது நிற்கவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. ஆனால் நிற்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறவர்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் “எனக்கு நினைவிருக்கும்” என்ற நம்பிக்கை அதிகமாக இருந்ததாம். இது மிகவும் முக்கியம். படிக்கும்போது வரும் “புரிந்துவிட்டது” என்ற நிறைவை நம்பாதீர்கள். புத்தகத்தை மூடியபின் வெள்ளைத்தாளில் என்ன வருகிறதோ அதுதான் உங்களிடம் இருப்பது.

கணக்கியலுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது யாருக்கும் சுலபம். ஒரு கேள்வியை எடுத்து, நேரம் வைத்து, கடைசி வரை நீங்களே போடுங்கள். பேலன்ஸ் ஷீட் இடிக்கிறதா? இடிக்கட்டும். அப்புறம் விடையை எடுத்து எங்கே பிரிந்தது என்று தேடுங்கள். தெரியாமல் விட்டது, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டது, நேரம் போதாமல் விட்டது என்று மூன்றாகப் பிரித்துக் குறித்து வையுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கேள்வியைச் சரியாகப் படிக்காதவர் மறுபடி பாடத்தைப் படித்துப் பயனில்லை. போன முறை தோற்றதற்கும் இந்த மூன்றில் எது காரணம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் கால அட்டவணை போட உட்கார வேண்டாம்.

இன்னொன்று, பாடங்களைக் கலந்து பயிற்சி செய்யுங்கள். இந்த வாரம் முழுக்கக் குத்தகை, அடுத்த வாரம் முழுக்க வருவாய் என்று போனால் ஒவ்வொரு கணக்கிலும் எந்த விதி என்று முன்பே தெரிந்துவிடுகிறது. தேர்வு அப்படிச் சொல்லித் தராது. கணித மாணவர்களை வைத்து ரோரர், டெய்லர் 2007இல் வெளியிட்ட ஆய்விலும் இதையே பார்த்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்த தேர்வில் கலந்து பயிற்சி செய்தவர்கள்தான் வெகுவாக முன்னால் இருந்தார்கள். நம் பாடத்தில் இது இன்னும் பொருந்தும். ஆண்டு முடிந்தபின் ஒரு வாடிக்கையாளர் திவாலானால் பெரும்பாலும் கணக்கைத் திருத்த வேண்டும், ஆண்டு முடிந்தபின் கிடங்கு எரிந்துபோனால் திருத்தக் கூடாது, முக்கியமானதாக இருந்தால் குறிப்பில் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று உறைக்கும்.

தேர்வறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 180 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம். அது முடிந்ததும் பாதியில் இருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். எந்தக் கேள்வியிலும் முதல் சில மதிப்பெண்கள் எளிதாக வரும், கடைசி இரண்டு மூன்றுக்குத்தான் உயிர் போகும். கணக்கின் வழிமுறையைத் தெளிவாகக் காட்டுங்கள். ஓரிடத்தில் எண் தவறினாலும் அதற்குப் பின் முறை சரியாக இருந்தால் பல தொழில்முறைத் தேர்வுகளில் மதிப்பெண் கிடைக்கும். தேர்வாளர்கள் வெளியிடும் அறிக்கைகளையும் தேடிப் படியுங்கள். விதியை எழுதிவிட்டுக் கேள்வியில் உள்ள நிறுவனத்துக்குப் பொருத்தாமல் விடுகிறார்கள் என்ற வருத்தம் அவற்றில் ஓயாமல் வரும்.

அடுத்து, வேலையில் முன்னேறுவது. முதல் சில வருடங்களில் உங்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள் விட்டுச் செல்லும் வொர்க்கிங் பேப்பரை, அதாவது செய்த வேலையின் பதிவுத் தாளை, வைத்துத்தான். தணிக்கை ஆவணங்களைப் பற்றிய தரநிலை ஐஎஸ்ஏ 230 இதற்கு ஓர் அருமையான அளவுகோல் தருகிறது. அந்தத் தணிக்கையோடு முன்பு எந்தத் தொடர்பும் இல்லாத, அனுபவமுள்ள ஒரு தணிக்கையாளர் அதைப் படித்தால், என்ன செய்தீர்கள், என்ன ஆதாரம் கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பது புரிய வேண்டும். நீங்கள் தணிக்கையில் இல்லாமல் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தாலும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸெல் தாளில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபார்முலாவுக்கு நடுவே கையால் தட்டிய எண்ணை ஒளித்து வைக்காதீர்கள். கூட்டுத்தொகை லெட்ஜரோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒரு வரியை மேலேயே வையுங்கள். என்னிடம் வரும் கோப்பில் அந்த ஒரு வரி இருந்தால், செய்தவர் அனுப்புவதற்கு முன் தன் வேலையைத் தானே ஒருமுறை பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

சந்தேகம் கேட்கத் தயங்காதீர்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். “இந்த 4,200 வித்தியாசம் எங்கே என்று தெரியவில்லை” என்பதைவிட, “வித்தியாசம் 4,200. இரண்டு முறை பதிவானதா, மாதம் மாறிப் போனதா என்று பார்த்துவிட்டேன். மீதி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான் இருக்கிறது” என்று கேட்டால் சீனியருக்கு உங்களுக்குச் சொல்லித்தர ஆர்வம் வரும். உங்கள் வேலையில் அவர் எழுதும் ரிவ்யூ குறிப்புகளைத் திருத்தியதும் அழித்துவிடாதீர்கள். ஒரே குறிப்பு இரண்டாவது முறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுதான் நீங்கள் இப்போது படிக்க வேண்டிய பாடம்.

அனுபவப் பதிவையும் தள்ளிப்போடாதீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்புகளில், ஏசிசிஏவில் உறுப்பினராக 36 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும், ஐசிஏஈடபிள்யூவில் 450 நாள். உங்கள் அமைப்பு எதுவானாலும் இதுபோல ஒன்று இருக்கும். அந்தந்த மாதமே எழுதினால் நேர்காணலில் சொல்ல நிஜமான உதாரணங்கள் கையில் இருக்கும். எல்லாத் தாளும் முடிந்தபின் மூன்று வருடத்தை நினைவிலிருந்து எழுதினால் யாருக்கும் பொருந்துகிற பொதுவான வாக்கியங்கள்தான் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நேரம் இல்லாதபோது, செய்யாத சோதனைக்கு டிக் போடும் ஆசை வரும். போன வருடக் கோப்பிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்து ஒட்டத் தோன்றும். கட்டாய இணையப் பயிற்சியின் விடைகளை நண்பரிடம் வாங்கலாமே என்று தோன்றும். 2022இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதன் தணிக்கைப் பணியாளர்கள் பலர் கணக்காளர் உரிமத்துக்கான நெறிமுறைத் தேர்விலும் தொடர்பயிற்சிகளிலும் விடைகளைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதும், விசாரணையின்போது நிறுவனம் அதை மறைத்தது என்பதும் காரணம். நம்மிடம் விற்பதற்கு இருக்கும் ஒரே பொருள் மற்றவர்கள் நம் கையெழுத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை. முடிக்க முடியவில்லை என்றால் “முடிக்கவில்லை” என்று எழுதிக் கொடுங்கள். அன்று திட்டு விழலாம், வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சில்லறை வேலை. நல்ல வேலை தானாக வராது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். “வேறு ஏதாவது கொடுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இப்போது கேட்பதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. நிதி அறிக்கைகளை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ஐஏஎஸ் 1க்குப் பதிலாக வரும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் ஆண்டுகளுக்குக் கட்டாயமாகிறது. லாப நட்டக் கணக்கில் வருமானம், செலவு எல்லாவற்றையும் இயக்கம், முதலீடு, நிதி, வருமான வரி, நிறுத்தப்பட்ட தொழில்கள் என்று வகை பிரிக்க வேண்டும். இயக்க லாபம் என்ற வரியைக் கட்டாயம் காட்ட வேண்டும். முந்தைய வருட எண்களையும் அதே முறையில் மாற்றித் தர வேண்டும். (உங்கள் தாளில் எந்தத் தரநிலை கேட்கப்படும் என்பதைப் பாடத்திட்டத்தில் சரிபார்த்துவிடுங்கள், பழைய குறிப்புகளை நம்பாதீர்கள்.) பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் இது புதிது என்பதால் நீங்கள் பின்னால் நிற்கவில்லை. உங்கள் நிறுவனமோ வாடிக்கையாளரோ ஐஎஃப்ஆர்எஸ் பின்பற்றுபவர் என்றால், தேர்வு முடிந்த மறுவாரம் மேனேஜரிடம் போய், ட்ரயல் பேலன்ஸில் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல்) உள்ள ஒவ்வொரு கணக்கும் எந்த வகையில் விழும் என்ற முதல் பட்டியலை நான் போட்டுத் தரட்டுமா என்று கேளுங்கள்.