குழந்தைகளோடு சேர்ந்து கருவி செய்வது: கேள்வி பதில்

கே (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை): பள்ளித் தோட்டத்தில் தண்ணீர் வீணாகிறது. பிள்ளைகளை வைத்து மண் ஈரம் பார்க்கும் கருவி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

ப: கருவியில் தொடங்காதீர்கள் டீச்சர். தண்ணீர் எங்கே வீணாகிறது என்று பிள்ளைகளே ஒரு வாரம் பார்த்து எழுதட்டும். குழாய் ஒழுகுகிறது என்றால் வாஷர் மாற்றினால் தீர்ந்தது, கருவியே வேண்டாம். 2022-இல் மட்டும் உலகில் சுமார் 6.2 கோடி டன் மின்கழிவு. முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது அதில் கால்வாசிகூட இல்லை. தேவையில்லாமல் நாமும் அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் தேவை என்றால், ஒரு மைக்ரோபிட் பலகை (பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் சின்னக் கணினிப் பலகை), இரண்டு ஆணி, கொஞ்சம் வயர் போதும். மண் ஈரமாக இருந்தால் ஆணிகளுக்கு நடுவே மின்சாரம் சுலபமாகப் பாயும். பலகை அதை எண்ணாகக் காட்டும். எந்நேரமும் மின்சாரம் கொடுத்தால் ஆணி சீக்கிரம் அரித்துப்போகும், எண்ணும் தப்பாக வரும். அளக்கும் நொடியில் மட்டும் கொடுங்கள். காய்ந்த மண்ணுக்கு என்ன எண், நனைந்த மண்ணுக்கு என்ன எண் என்று பிள்ளைகள் குறிக்கட்டும். எந்த எண்ணில் தண்ணீர் விடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அதை நீங்கள் சொல்லிவிட்டால் அது உங்கள் கருவி ஆகிவிடும்.

கே (ஒரு அப்பா): மகளுக்கு எட்டு வயது. எந்தக் கிட் வாங்கலாம்?

ப: வாங்க வேண்டாம். அட்டைப்பெட்டி, நூல், பசை போதும். வீட்டில் எது வீணாகிறது என்று அவளிடம் கேளுங்கள்.

கே (செயலி செய்பவர்): எங்கள் செயலி தயார். பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம்?

ப: "பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரியவர் கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். பிடித்தது, பிடிக்காதது, மாற்ற வேண்டியது, ஒவ்வொன்றையும் தனித்தனி ஒட்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிச் சேர்த்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், பிள்ளைகளோடு சேர்ந்து தொழில்நுட்பம் வடிவமைத்த அலிசன் ட்ரூயின் குழு இப்படித்தான் செய்தது. பயன்படுத்துபவர், சோதிப்பவர், தகவல் தருபவர், வடிவமைப்புக் கூட்டாளி என்று பிள்ளைகளுக்கு நான்கு நிலைகளை அவர் பிரித்தார். தயாரான பிறகு கூப்பிட்டால் உங்களுக்குக் கிடைப்பது சோதிப்பவர்கள்தான்.

கே (மென்பொருள் பொறியாளர்): கூட்டாளி என்பது மிகை. பிள்ளைகள் பறக்கும் ரோபோதான் கேட்பார்கள்.

ப: கேட்கட்டும். அது எதற்கு என்று அடுத்த கேள்வி கேளுங்கள். அதே மேரிலாந்தில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பன்னாட்டுக் குழந்தைகள் மின்னூலகம் செய்து 2002-இல் திறந்தார்கள். அதில் அட்டையின் நிறத்தை வைத்துப் புத்தகம் தேட முடிந்தது. தலைப்பு, ஆசிரியர் என்று தேடிப் பழகிய பெரியவர்களுக்கு இது சுலபத்தில் தோன்றாது.

கே (அதே பொறியாளர்): ஒரு உதாரணம் போதுமா? செலவு, பேட்டரி எல்லாம் யார் பார்ப்பது? ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதையெல்லாம் செய்வதா?

ப: அப்படி நான் சொல்லவே இல்லை. பேட்டரியும் செலவும் நமக்குத் தெரியும், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு பையன், வாடிய செடிக்கு அழும் முகம் பெரிய திரையில் வேண்டும் என்றான். அது பேட்டரியைக் குடித்துவிடும் என்றோம். பக்கத்திலிருந்த சிறுமி, "பட்டனை அமுக்கினா மட்டும் முகம் வரட்டும்" என்றாள். மைக்ரோபிட்டில் இருக்கும் 25 சின்ன விளக்குகளே போதும் என்று ஆனது. நாம் தடையைச் சொன்னோம், வழியை அவள் கண்டாள். கூட்டாளி என்று இதைத்தான் சொல்கிறேன்.

கே (இன்னொருவர்): விழா மேடையில் பிள்ளைகளைப் பேச வைத்தோம். அது பங்கேற்புதானே?

ப: முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்றால், அது பங்கேற்பு இல்லை. பிள்ளைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட், 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதியதில் பங்கேற்பை ஓர் ஏணியாகக் காட்டினார். அதில் எட்டுப் படிகள். அலங்காரமும் ஒப்புக்குச் சேர்ப்பதும் கீழ் மூன்று படிகளில் வருகின்றன. அவற்றை அவர் பங்கேற்பாகவே எண்ணவில்லை.

கே (பொறியாளர்): சரி, வகுப்பில் 40 பேர் இருந்தால்?

ப: இது நியாயமான கேள்வி. ஆறேழு பேராகப் பிரித்துவிடுங்கள். மேரிலாந்துக் குழுவில் கை தூக்கிப் பேசுவது கிடையாது, பெரியவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சரைப் பெயர் சொல்ல வாய் வராது, வற்புறுத்தாதீர்கள். தரையில் அவர்களோடு உட்காருங்கள். பேசும்போது இடையில் திருத்தாதீர்கள்.

கே: பத்து வயது மகனுக்கு எந்தக் கிட் நல்லது?

ப: மேலே சொல்லிவிட்டேன். கிட் பற்றி இனி பதில் இல்லை.

கே: செயலியில் பிள்ளைகளின் குரலைப் பதியலாமா?

ப: சட்டத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள். குரல் இல்லாமலே வேலை நடக்குமா என்று முதலில் பாருங்கள்.

கே (ஆசிரியை): கோடை விடுமுறையில் கருவியை என்ன செய்வது?

ப: பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளேயே விட்டால் கசியலாம். அப்புறம், ஐந்தாம் வகுப்பு முடிந்து போகும் பிள்ளைகளே நான்காம் வகுப்புக்கு அதைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொடுக்கட்டும். பிள்ளைகளால் பிரிக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்.