போன் ஸ்லோ ஆச்சுன்னு மாத்தப் போறீங்களா? மொதல்ல பேட்ச் தேதியைப் பாருங்க

காசிமேட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, அப்பா மீன் வியாபாரம். விடிகாலைல ஏலம் எடுத்த கையோட ஹோட்டல்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல போட்டோவும் ரேட்டும் அனுப்புவாரு, காசு எல்லாம் ஜிபே தான். போன் 2021ல வாங்குனது, 4 ஜிபி ராம், 64 ஜிபி, ஆண்ட்ராய்டு 11. ஒரு போட்டோ சேவ் ஆகறதுக்குள்ள மீன் கைமாறிடுது. குரோமைத் தொறக்காமலே 'உங்க போன்ல வைரஸ்'னு வேற வந்து நிக்குது. தடைக்காலம் முடிஞ்சு காசு வந்ததும் 15,000க்குள்ள புதுசு வாங்கலாமா, இல்ல பர்மா பஜார்ல செகண்ட் ஹேண்ட் பாக்கலாமா?"

தம்பி, புதுசு வாங்குங்க. ஆனா நீங்க சொன்ன ரெண்டு காரணத்துக்காக இல்ல. ஸ்லோவையும் வைரஸ் மெசேஜையும் இன்னைக்கே உக்காந்து பெரும்பாலும் சரி பண்ணிடலாம், பைசா செலவில்ல. நீங்க போற போக்குல ஆண்ட்ராய்டு 11னு சொன்னீங்க பாருங்க, மாத்த வேண்டிய காரணம் அதான்.

மொதல்ல அந்த வைரஸ் மெசேஜ். பெரும்பாலும் அது வைரஸே இல்ல. அப்பா எப்பவோ ஸ்கோர் பாக்கவோ சீரியல் பாக்கவோ ஒரு சைட்டுக்குப் போயிருப்பாரு, அது 'அலோ' பண்ணவான்னு கேட்டிருக்கும், இவரும் படம் ஓடுனா போதும்னு அமுக்கிருப்பாரு, அன்னைலேர்ந்து அந்த சைட் நோட்டிபிகேஷனா விளம்பரம் தள்ளிக்கிட்டே இருக்கு. அடுத்த தடவை வரும்போது உத்துப் பாருங்க, ஓரத்துல குட்டியா குரோம் சின்னமும் கீழ ஏதோ வாயில நுழையாத சைட் பேரும் இருக்கும். குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ், அங்க தெரியாத பேரு எல்லாத்தையும் பிளாக் பண்ணுங்க, கதை முடிஞ்சுது. அந்த மெசேஜை நம்பி 'கிளீனர்' ஆப் ஏதாவது ஏத்தியிருந்தா அதையும் தூக்குங்க. வாட்ஸ்அப்ல டிராபிக் சலான்னு, கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் வழியா இல்லாம நேரா ஏத்தற ஆப்) வந்து அதை இன்ஸ்டால் பண்ணியிருந்தா மட்டும் விஷயம் வேற, டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு பேங்குக்கு போன் போடுங்க, காசு போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கும் போடுங்க.

பிரவுசரையும் மாத்திக்கலாம். ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசருக்குள்ள சேக்கற குட்டி ஆப், போட முடியாது, ஃபயர்பாக்ஸ்ல முடியும், அதுல யூபிளாக் ஆரிஜின்ங்கற விளம்பர பிளாக்கரைப் போட்டா விளம்பரம் முக்கால்வாசி காணாம போயிடும். அப்பாவுக்கு இதெல்லாம் வேலைக்காகாதுன்னா பிரேவ், இல்ல நம்ம ஜோஹோவோட உலா, ரெண்டுலயும் பிளாக்கர் உள்ளயே இருக்கு.

அடுத்து ஸ்லோ. 64 ஜிபில சிஸ்டமே ஒரு பங்கை முழுங்கிடும், மிச்சத்துல வஞ்சிரம், சங்கரா, இறால்னு தினம் போட்டோ வீடியோ, குரூப்ல வர்ற குட் மார்னிங் வேற. ஸ்டோரேஜ் சிப்ல பழைய டேட்டா இருக்கற எடத்து மேல அப்படியே எழுத முடியாது, அழிச்சு காலி பண்ணின பிளாக் வேணும். நிரம்பி வழிஞ்சா ஒவ்வொரு போட்டோவுக்கும் இருக்கறதை அங்க இங்க நகத்தி எடம் பண்ணித்தான் சேவ் பண்ணும், நீங்க சொன்ன லேட் அதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போய் பெரிய ஃபைலையும் ஃபார்வேர்டையும் அழிங்க, ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்க. 10, 12 ஜிபி காலியா இருக்கற மாதிரி பாத்துக்குங்க.

இதோட போன் ஓடும். அப்புறம் ஏன் வாங்கச் சொல்றேன்னா, செட்டிங்ஸ்ல அபவுட் போன் உள்ள செக்யூரிட்டி பேட்ச்னு ஒரு தேதி இருக்கும், அதைப் பாருங்க. பேட்ச்னா சிஸ்டத்துல இருக்கற ஓட்டையை அடைக்கற அப்டேட். ஆண்ட்ராய்டு 11க்கு கூகுளே 2024ல பேட்ச் குடுக்கறத நிறுத்திடுச்சு, அதுக்கு மேல கம்பெனிக்காரன் தருவான்னு எதிர்பார்க்கறது வீண். குரோம், ஜிபே எல்லாம் பிளே ஸ்டோர்ல அப்டேட் ஆகிட்டே இருக்கறதால எல்லாம் நல்லாருக்கற மாதிரிதான் தெரியும், அடில சிஸ்டத்துல இருக்கற ஓட்டையை அது அடைக்காது. யூடியூப் பாக்கற போனா இருந்தா விட்டுடலாம், உங்க அப்பாவோட கல்லாப் பெட்டியே அதுல இருக்கு.

வாங்கும்போது கடைக்காரர் 50 மெகாபிக்சல் 108 மெகாபிக்சல்னு ஆரம்பிப்பாரு, எக்ஸ்ட்ரா 8 ஜிபி வர்ச்சுவல் ராம்னு சொல்வாரு. அந்த வர்ச்சுவல் ராம் ஸ்டோரேஜ்ல இருந்தே பிச்சுக் குடுக்கறதுதான், காதுல வாங்கிக்காதீங்க. நீங்க கேக்க வேண்டியது எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட், ஸ்டோரேஜ் யூஎஃப்எஸ்ஸா இஎம்எம்சியா, இது ரெண்டுதான். இஎம்எம்சி ஒரு நேரத்துல படிக்கும் இல்ல எழுதும், யூஎஃப்எஸ் ரெண்டையும் ஒண்ணாவே செய்யும். 128 ஜிபிக்கு கீழ வேணாம். அப்டேட் விஷயத்துல முன்னாடி விலை கம்மி போன்ல ரெண்டு வருஷம் கிடைச்சாலே பெருசு, இப்போ சாம்சங் ஏ16 5ஜி, எம்16 5ஜி மாதிரி மாடலுக்கே 6 வருஷம்னு சொல்லியிருக்கான். விலை மாறிட்டே இருக்கும், எம்சி ரோட்டுப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி விசாரிங்க.

இன்னொண்ணு, நம்ம ஏரியாவுக்கே உள்ளது. வாட்டர்ப்ரூஃப்னு நம்பி ஐஸ் பொட்டி மேல வைக்காதீங்க, போன் தண்ணி தாங்குமான்னு குடுக்கற ஐபி ரேட்டிங்குக்கான டெஸ்ட் நல்ல தண்ணில பண்றது, உப்புத் தண்ணிக்கு அது செல்லாது. டைப் சி ஓட்டைல பச்சையா வெள்ளையா பூத்துப் போன போன் ராயபுரம் சர்வீஸ் கடைல சாதாரணமா பாக்கலாம், ஈரத்தோட சார்ஜ் போட்டா அது இன்னும் சீக்கிரம் அரிச்சிடும்.

செகண்ட் ஹேண்ட் தப்பில்ல, பர்மா பஜார்ல நியாயமா விக்கறவங்களும் இருக்காங்க. ஆனா ரெண்டு வருஷப் பழசு வாங்குனா அப்டேட் கணக்குலயும் ரெண்டு வருஷம் போச்சு, பேட்டரியும் தேஞ்சிருக்கும். அப்படியும் வாங்கறதா இருந்தா கடைலயே *#06# போட்டு வர்ற ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர்), முன்னாடி கேஒய்எம்னு மூணு இங்கிலீஷ் எழுத்து, ஒரு ஸ்பேஸ், அப்புறம் நம்பர்னு அடிச்சு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. திருட்டுப் போன்னு பிளாக் ஆனதாவோ டூப்ளிகேட் நம்பராவோ வந்தா பேரமே பேசாதீங்க, வந்துடுங்க.

தடைக்காலம் முடியற ஜூன் 14 தாண்டி வாங்கறது உங்க வசதி, ஆனா மாத்தற நாளைப் பாத்து வைங்க. புதுப் போன்ல சிம்மைப் போட்டு யூபிஐ ரெஜிஸ்டர் பண்ணினா மொத 24 மணி நேரத்துக்கு அனுப்பற தொகைக்கு லிமிட் வைப்பாங்க, பல பேங்க்ல 5,000 தான். காசு வர்றதுக்கு பிரச்சனை இல்ல, ஏலத்துக்கு கட்டறதுதான் நிக்கும். சனிக்கிழமை மாத்திட்டு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அப்பா உங்களைத் திட்டற மாதிரி வச்சுக்காதீங்க, திங்களோ செவ்வாயோ மத்தியானமா மாத்துங்க, வாட்ஸ்அப் பேக்கப் முடிஞ்சு எல்லாம் வந்துருச்சான்னு பாத்த பிறகு பழசை ரீசெட் பண்ணுங்க.