போட்டோ எடுக்க மொபைல்ல கால்குலேட்டர் ஆப் வேணுமா? அனுபவம் உள்ளவங்க யாரும் அதைப் பாக்கற மாதிரி தெரியலையே?

இப்படி ஒருத்தர் கேட்டிருந்தாரு, அந்த ரெண்டாவது வரிக்காகத்தான் பதில் எழுத வந்தேன். கால்குலேட்டர் ஆப்னா, லென்ஸ், தூரம் எல்லாம் கொடுத்தா எங்கிருந்து எது வரைக்கும் ஷார்ப்பா வரும்னு கணக்குப் போட்டுச் சொல்ற ஆப். அனுபவம் உள்ளவங்களும் பாக்கறாங்க. நாலு பேர் முன்னாடி பாக்கறதில்லை, அவ்ளோதான்.

கிராப் சென்சார் (பிலிம் அளவை விடச் சின்ன சென்சார்) கேமரா, கூட வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு ஒரு 50 எம்.எம். 1.8. இதுதான் உங்க கையில இருக்குன்னு வெச்சுக்கறேன். இல்லேன்னாலும் கணக்கு ஒண்ணுதான், எண்ணு மட்டும் மாறும்.

நான் வடசென்னை, தண்டையார்பேட்டை. முகூர்த்த நாள்ல ஒரு ஸ்டூடியோவுக்கு ரெண்டாவது கேமராவா போவேன். கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு மண்டபத்துல ரிசப்ஷன். பொண்ணு வீட்டு குரூப்புக்கு எல்லாரும் ஏறிட்டாங்க. பசங்க கீழ சம்மணம் போட்டு, நடுவுல மாப்ள பொண்ணோட பெரியவங்க சோபாவுல, பின்னாடி மீதிப் பேர். தாய்மாமன் பிளாஸ்டிக் சேர் மேல ஏறி, மேடைத் தூணை ஒரு கையால புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் அஞ்சு மீட்டர் தூரத்துல 50 எம்.எம்.மோட. வெளிச்சம் சுமார்தான், கேமரா எஃப் 2.8ல இருக்கு. எஃப்னா லென்ஸ் துளை அளவு, எண்ணு ஏற ஏற துளை சின்னதாகும். மொபைலை எடுத்து ஆப்ல தட்டினேன். 2.8ல ஃபோகஸுக்கு முன்னாடி அரை மீட்டர், பின்னாடி அறுபது சென்டிமீட்டர்தான் ஷார்ப்பா இருக்கும். இவங்க நின்ன ஆழம் ஒன்றரை மீட்டர் குறையாது. 5.6னு போட்டேன், ரெண்டு மீட்டருக்கு மேல காட்டுச்சு. துளை சின்னதானா வெளிச்சம் குறையுமே, சரின்னு அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்துக்கு கேமரா காட்டற உணர்திறன்) 800ல இருந்து 3200க்கு ஏத்தினேன்.

ஸ்டூடியோ மாஸ்டர் பக்கத்துல நின்னு பாத்துட்டு, மேடைக்கே கேக்கற மாதிரி, "இன்னாபா, போட்டோ புடிக்க வந்தியா, மொய்க் கணக்கு எழுத வந்தியா?"ன்னாரு. தாய்மாமன் சிரிச்ச சிரிப்புல சேர் ஆடிச்சு.

மாஸ்டர் மேல எனக்கு மரியாதை உண்டு. பிலிம் காலத்து ஆளு, குரூப்புக்கு எஃப் 8, ஒத்தை ஆளுக்கு எஃப் 4ன்னு வாயிலயே வெச்சிருப்பாரு. ஆனா அவர் கடை ஷோகேஸ்ல ஒரு பழைய 50 எம்.எம். லென்ஸ் இருக்கு. அதோட குழாய் மேல ஃபோகஸ் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 4, 8, 16னு கோடு செதுக்கியிருக்கும். துளையை 8ல வெச்சா, ரெண்டு பக்கத்து 8 கோட்டுக்கும் நடுவுல எந்த தூரம் வருதோ அதெல்லாம் ஷார்ப். பிலிம் டப்பாவுல வெயிலுக்கு இவ்ளோ, மேகத்துக்கு இவ்ளோன்னு படம் போட்டிருக்குமே, அது இன்னா? லென்ஸ்லயும் டப்பாவுலயும் இருந்தா அனுபவம், மொபைல்ல இருந்தா மொய்க் கணக்கா? இப்போ வர்ற கிட் லென்ஸ்ல அந்தக் கோடும் இல்லை, தூரம் காட்டற எண்ணும் இல்லை. அதை நீக்கினது லென்ஸ் கம்பெனி, தேடறது நாமளா?

"கலைக்குக் கணக்கு எதுக்கு"ன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நானும் ஒவ்வொரு படத்துக்கும் ஆப்பைத் திறக்கறதில்லை. முதல் நாள் ராத்திரி வீட்டுல உக்காந்து, நாளைக்கு எந்த லென்ஸ், எவ்ளோ தூரம்னு பாத்து நாலு எண்ணு மனப்பாடம் பண்ணிக்குவேன். மண்டபத்துல தட்டறது சந்தேகம் வந்தாதான்.

அந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆப் வழக்கமா 8×10 இஞ்ச் பிரிண்டைக் கையில புடிச்சுப் பாக்கற ஷார்ப்னஸை வெச்சுத்தான் சொல்லும். நம்ம ஊர்ல ஆல்பம் விரிச்சா 12×36. அதனால ஆப் சொல்றதுக்கு மேல ஒரு ஸ்டாப் மூடுங்க, அதாவது 5.6ன்னா 8. இதை எந்த யூட்யூப்காரரும் எனக்குச் சொல்லலை, பிரிண்ட் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது.

கேமரா மாடலையும் சரியா செலக்ட் பண்ணணும். கிராப் கேமராவுல 18 எம்.எம்., எஃப் 8ன்னா, ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஃபோகஸ் வெச்சா ஒரு மீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் கிடைக்கும். ஆப்ல ஃபுல் ஃபிரேம்னு (பிலிம் அளவு சென்சார்) இருந்துச்சுன்னா 1.37 மீட்டர்னு காட்டும். அதை நம்பி கடற்கரையில வெச்சா, முன்னாடி இருக்கற பாறை நல்லா வரும், தூரத்துல நங்கூரம் போட்ட கப்பல் மங்கலா போயிடும். லென்ஸ்லதான் எண்ணு இல்லையே, எப்படி வைக்கறதுன்னா, காலால ரெண்டு பெரிய எட்டு எடுத்து வெச்சு தூரத்தை அளந்து, அந்த இடத்துல இருக்கற கல்லுக்கு ஆட்டோஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்திடுங்க.

திருவொற்றியூர் தூண்டில் வளைவுல (கடலுக்குள்ள நீட்டிப் போட்ட கல் சுவர்) தண்ணியைப் புகை மாதிரி எடுக்கறதுக்கும் இதே ஆப்தான். வெளிச்சத்தைக் குறைக்கற கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர், பத்து ஸ்டாப்ல போட்டா, படம் பதியற நேரம் 1024 மடங்கு. 1/30 செகண்ட் 34 செகண்டாயிடும். பெரும்பாலான கேமரா 30க்கு மேல போகாது, அதனால பட்டனை அழுத்தி வெச்சிருக்கற வரைக்கும் படம் பதியற பல்ப் மோடும், அதை அழுத்த ரிமோட் கேபிளும் வேணும். உப்புத் தூறல் ஃபில்டர்ல படியும், துணி எடுத்துட்டுப் போங்க.

சூரியன் எங்க உதிக்கும்னு மேப்ல கோடு போட்டுக் காட்டற ஆப் இன்னும் உபயோகம். நம்ம கரையில கடலைப் பாத்து நின்னா, ஜூன்ல இடது பக்கமா வரும், டிசம்பர்ல வலது பக்கமா. நேரமும் மே கடைசியில 5.40 வாக்குல, ஜனவரி கடைசியில 6.35 வாக்குல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டுல விசைப்படகெல்லாம் நெருக்கமா கட்டிக் கிடக்கும். கொடிமரங்களுக்கு நடுவுல சூரியனை எடுக்கணும்னா அதான் நேரம். இது ஆப்புக்குத் தெரியாது.

ஆப்புக்குத் தெரியாத இன்னொண்ணு கன்டெய்னர் லாரி. நிமிஷக் கணக்கா உதயம் சொல்லுது, ஆனா எண்ணூர் விரைவு சாலையில துறைமுகத்துக்குப் போற லாரி வரிசையா நின்னுச்சுன்னா ஸ்கூட்டருக்குக்கூட வழியிருக்காது. பக்கத்துல பெரிய டயர், மேல ஹாரன், மூக்குல தூசி. ஆஸ்பத்திரிக்குப் போறவங்களும் பரீட்சைக்குப் போற பசங்களும் அதே வரிசையிலதான். வருஷக்கணக்கா இதே கதை. தெற்குப் பக்கம் ஒரு ரோட்டுல ஒரு நாள் இப்படி நின்னா டிவியில விவாதமே வெச்சிருப்பாங்க. போட்டோ கேள்விக்கு லாரி எதுக்குன்னு கேக்காதீங்க, ஒரு நாள் காலையில எனக்கு உதயப் போட்டோ போனதே அதாலதான்.

இலவச ஆப்லயே ஆரம்பிங்க. காசு கொடுத்து வாங்கற போட்டோபில்ஸ் மாதிரி ஆப்ல சூரியன், நிலா, ஃபோகஸ் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், ஆனா அது பிறகு பாத்துக்கலாம். மொபைல் கேமராவுல மட்டும்தான் எடுக்கறீங்கன்னா ஃபோகஸ் கணக்கு வேண்டவே வேண்டாம். பெரும்பாலான மொபைல்ல லென்ஸ் துளையை மாத்தவே முடியாது. சூரியன் பக்கம் மட்டும் வெச்சுக்கோங்க.