தானா தண்ணி இழுக்கிற தொட்டி: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: 2 லிட்டர் பாட்டிலை வெட்டி மேல்பாதிய தலைகீழா கவுத்து, மூடியில ஓட்டை போட்டு திரி விட்டேன். கீழ தண்ணி குறையவே இல்ல, மேல மண்ணு காஞ்சு கிடக்கு.

பதில்: நிறைய பேருக்கு இதே பிரச்சனைதான், அதனால விரிவாவே சொல்றேன். முதல்ல திரிய பாருங்க. வழவழன்னு இருக்கிற நைலான் கயிறு தண்ணிய சரியா இழுக்காது, பழைய காட்டன் டி-ஷர்ட்டை ரெண்டு விரல் அகலத்துக்கு கிழிச்சு லேசா முறுக்கி விடுங்க, கீழ பாட்டிலோட அடிய தொடணும், மேல மண்ணுக்குள்ள பாதி உயரமாவது ஏறணும், பல பேர் மூடிகிட்டயே முடிச்சு போட்டு விட்டுடறாங்க. ஓட்டை சின்னதா இருந்து திரிய நெருக்கிப் பிடிச்சாலும் தண்ணி ஏறாது. அப்புறம், கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) நல்லா காஞ்சிருந்தா, திரி வழியா வர்ற தண்ணி மட்டும் அத நனைக்க பத்தாது, அதனால செடி வச்ச அன்னைக்கு திரியையும் நனைச்சு, மேல இருந்தும் ஊத்தி, மூடி வழியா சொட்டுற வரைக்கும் விடுங்க. அதுக்கப்புறம்தான் கீழ இருக்கிற தண்ணி மேல வர ஆரம்பிக்கும். காட்டன் மட்கிப்போற சரக்கு, செடி மாத்தும்போது திரியையும் மாத்திடுங்க.

கேள்வி: வெறும் தோட்டத்து மண்ணு போடலாமா?

பதில்: வேண்டாங்க. அது இறுகிப்போய் காத்து போக வழியில்லாம வேர் அழுகிடும். பாதி கோகோ பீட், கால் பங்கு மண்புழு உரம், கால் பங்கு பெர்லைட் (லேசா இருக்கிற வெள்ளைக் கல் துகள்), இது போதும். பெருமணல் மட்டும் போட்டாலும் சரிவராது, துகளுக்கு நடுவுல இடைவெளி பெருசா இருந்தா தண்ணி அதிக உயரம் ஏறாது.

கேள்வி: ரெண்டு பக்கெட்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு செஞ்சேன். மழை பெஞ்சதும் செடி வாடிடுச்சு, ஏன்?

பதில்: கீழ் பக்கெட்டோட பக்கவாட்டுல ஓவர்ஃப்ளோ ஓட்டை, அதாவது மிஞ்சின தண்ணி வெளிய போற ஓட்டை, போட்டிருக்க மாட்டீங்க. மேல் பக்கெட்டோட அடிப்பாகத்துக்கு ஒரு விரல் கீழ அந்த ஓட்டை இருக்கணும், அப்பதான் தண்ணிக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து நிக்கும். தண்ணியில மூழ்கின வேருக்கு மூச்சு முட்டும், தொட்டி நிறைய தண்ணி இருந்தும் இலை தொங்கும், அத பாத்துட்டு நாம இன்னும் ஊத்துவோம், அதோட செடி போச்சு.

கேள்வி: தண்ணி பச்சையாகுது, கொசுவும் வருது.

பதில்: பச்சை வெறும் பாசிதான், வெளிச்சம் படாம பேப்பர் சுத்துங்க இல்ல பெயிண்ட் அடிங்க. கொசுவ மட்டும் சாதாரணமா விடாதீங்க, டெங்கு பரப்புற ஏடிஸ் இந்த மாதிரி தேங்கின நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், வெயில் காலத்துல ஒரு வாரம் பத்து நாள்லயே பறக்க ஆரம்பிச்சிடும். தண்ணி ஊத்துற குழாய், ஓவர்ஃப்ளோ ஓட்டை ரெண்டுலயும் மெல்லிசான வலைய இறுக்கி கட்டுங்க.

கேள்வி: மண்ணு மேல வெள்ளையா படியுது, பூஞ்சையா?

பதில்: பஞ்சு மாதிரி இல்லாம பொருக்கா இருந்தா உப்புதான். மாசம் ஒரு தடவ மேல இருந்து நிறைய ஊத்தி அலசி, கீழ இறங்கின தண்ணிய கொட்டிடுங்க.

கேள்வி: விதைய நேரா இதுலயே போடலாமா? கள்ளிச்செடி வைக்கலாமா?

பதில்: விதை போடலாம், ஆனா மேல் மண்ணு சீக்கிரம் காயும், அதனால முளைச்சு வேர் இறங்குற வரைக்கும் மேல தெளிச்சுக்கிட்டே இருங்க. தக்காளி, புதினா, கீரை எல்லாம் இதுல ஜோரா வரும். கள்ளிக்கு இது ஆகவே ஆகாது.