தனியாகத் தூக்க முடிகிற கயாக்

"ஏரியில் தனியாகத் தூண்டில் போட ஒரு கயாக் வாங்க ஆசை. என் எடை 80 கிலோ, வைத்திருப்பது சின்ன கார். கடையில் 12 அடி பெடல் கயாக்கைக் காட்டுகிறார்கள். அதை நான் ஒருவனே ஏற்றி இறக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கயாக் என்பது ஒடுக்கமான சின்னப் படகு. அதில் பெடல் வகை அருமையானது. கால் மிதித்துக்கொண்டிருக்க, கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும். ஆனால் இருக்கை, பெடல் எல்லாம் சேர்ந்தால் அந்த அளவுப் படகு பெரும்பாலும் 45 கிலோவைத் தாண்டிவிடும். காலையில் எப்படியோ ஏற்றிவிடுவீர்கள். நாள் முழுக்க வெயிலில் இருந்துவிட்டுத் திரும்பும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கனத்துக்குப் பயந்தே வீட்டில் கிடக்கும் நல்ல படகுகள் நிறைய. அதனால் உங்களுக்கு நான் சொல்வது துடுப்பால் ஓட்டும் கயாக்தான்: 10 அடி நீளம், 32 முதல் 34 அங்குல அகலம், உள்ளே கால் நுழைக்காமல் மேலே உட்காரும் வகை, 30 கிலோவுக்குள். இந்த அகலம் இருந்தால் மீனை இழுக்கும்போது படகு அவ்வளவாக ஆடாது. வேகம் குறையும்தான், ஏரிக்கு அது போதும். காற்றடிக்கும் பெரிய நீர்ப்பரப்பு என்றால் நீளமான படகு நேராக ஓடும்.

தாங்கும் எடை என்று எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நில்லுங்கள். நீங்களும் சாமான்களும் சேர்ந்து 100 கிலோ என்றால், 150 கிலோ தாங்கும் படகு வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் படகு தாழ்ந்து, உள்ளே விழும் தண்ணீர் வெளியேற அடியில் விட்டிருக்கும் வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே வரும்.

சரி, ஏற்றுவது எப்படி? முழுப் படகையும் ஒரேயடியாகத் தூக்கவே வேண்டாம். இருக்கையைக் கழற்றுங்கள். காரின் பின்கண்ணாடி மேல் ஒரு பழைய பாயை விரித்து, படகின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் கார் கூரையின் குறுக்கே பொருத்தும் கம்பிகளில் பின்பக்கக் கம்பியில் சாய்த்து வையுங்கள். அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி முன்னே தள்ளினால் போதும். ஒரு நேரத்தில் ஏறத்தாழ பாதி எடைதான் கையில் இருக்கும். கூரை எவ்வளவு தாங்கும் என்பது கார் கையேட்டில் இருக்கும். அதில் கம்பிகளின் எடையும் அடக்கம், மறக்காதீர்கள்.

பிளாஸ்டிக் படகு வெயிலில் இளகும். அதனால் கவிழ்த்து வைத்து, கையால் இழுத்து இறுக்கும் பட்டையால் கட்டுங்கள். ராட்செட் பட்டை, அதாவது நெம்புபிடியால் இறுக்கும் பட்டை, அளவுக்கு மீறி இறுகி அடிப்பகுதியை நெளித்துவிடும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிராது. முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு கட்டாயம். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காரிலிருந்து தண்ணீர் வரை போக ஒரு சக்கர வண்டி வாங்குங்கள். வடிகால் துளையில் கம்பி செருகும் வகை வேண்டாம், மொத்தக் கனமும் அந்தத் துளைகளில் இறங்கி விரிசல் விடும். படகை மேலே வைத்துப் பட்டையால் கட்டும் வகையே நல்லது. மணல் கரை என்றால் பருத்த பலூன் சக்கரம்தான் உருளும்.

கூரைக் கம்பியே பொருத்த முடியாத கார் என்றால் காற்று நிரப்பி விரிக்கும் கயாக் இருக்கிறது, டிக்கியிலேயே அடங்கிவிடும். காயவைத்து மடிப்பதுதான் கொஞ்சம் வேலை. அதை வெயிலில் கரையேற்றி வைக்கும்போது மட்டும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். சூட்டில் உள்ளழுத்தம் ஏறித் தையல் விட்டுவிடும்.