மறுகாலை முதலில் குறியுங்கள்: பண்ணைக்குட்டை கேள்வி பதில்

மழைத்தண்ணீரைத் தேக்கி வைக்க வயலில் குட்டை வெட்டுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டது. திருநெல்வேலி மாவட்டத்து மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே எனக்குக் கொஞ்சம் செவல் (செம்மண்) நிலம் இருக்கிறது. அதில் இரண்டு குட்டை வெட்டினேன், ஒன்று சரியாக, இன்னொன்று தப்பாக. அக்கம்பக்கத்து ஊர்களில் கூட நின்று வெட்டிக்கொடுத்தது பத்துப் பன்னிரண்டு இருக்கும். நான் என்ஜினியர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தலைப்பில் இருக்கிற மறுகால் என்பது, குட்டை நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போக விடுகிற வாய். குட்டை வெட்டுகிறவர்களிடம் நான் எப்போதும் முதலில் சொல்வது அதைத்தான்.

அண்ணாச்சி, களக்காட்டுப் பக்கம் 3 ஏக்கர் வாங்கியிருக்கேன். திங்கட்கிழமை ஜேசிபி வருது. எந்த மூலையில தோண்டச் சொல்லட்டும்?

எந்த மூலையிலும் வேண்டாம், தம்பி. வாங்கின நிலத்தில் இன்னும் ஒரு மழைகூட நீங்கள் பார்க்கவில்லை. ஐப்பசியில் ஒரு நல்ல மழை விழும்போது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எந்த வரப்பை உடைத்து உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று மூன்று இடத்திலும் குச்சி நட்டு வையுங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்றால் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். சர்வேயருக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும்.

பள்ளமாக இருக்கிறதே என்று நேரே அங்கே போய்விடாதீர்கள். நிறைய இடத்தில் அந்தப் பள்ளம் ஓடைப் புறம்போக்காக இருக்கும். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஓடையை மறித்துக் கரை போட்டால் கீழே இருக்கிற குளத்துக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. உங்கள் நிலத்தில் விழுகிற மழையைப் பிடியுங்கள், அதுவே போதும். மேலே மின்கம்பி போகும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு பெருசா வெட்டணும்? 100-க்கு 100 வெட்டினா ஒரு ஏக்கருக்குத் தாங்குமா? (நாங்குநேரி)

கணக்குப் போட்டே பார்ப்போம். மேல்வாய் 100 அடிக்கு 100 அடி, ஆழம் 7 அடி. பக்கத்தை நெட்டுக்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும். ஒரு அடி இறங்கினால் ஒன்றரை அடி உள்ளே வருகிற மாதிரி சாய்த்து வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் அடித்தளம் 79-க்கு 79 ஆகிவிடும். கொள்ளளவு சுமார் 56,000 கன அடி, லிட்டரில் 16 லட்சம் வரும். நிலத்தில் 23 சென்ட் போய்விடும், அதையும் மனதில் வையுங்கள்.

ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் ஆகும். 16-ஐ 2-ஆல் வகுத்து எட்டுத் தண்ணீர் என்று சந்தோஷப்பட வேண்டாம். நம்ம ஊர் வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் குடித்துவிடும். குட்டை நிறைந்து கிடக்கும்போது அது மாதம் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். கசிவும் இருக்கிறது. ஐந்து தண்ணீர் கிடைத்தால் நல்ல குட்டை. உளுந்துக்கு அது தாராளம், நெல்லுக்குப் போதாது. வாழை என்றால் கிணற்றுக்குத் துணையாகத்தான் இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குட்டை நிரம்ப வேண்டுமே என்பது அடுத்த கணக்கு. வடகிழக்குப் பருவத்தில் 40 சென்டிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தால், ஒரு ஏக்கரிலிருந்து 3 லட்சத்துச் சொச்சம் லிட்டர் வரும். 16 லட்சம் லிட்டர் நிரம்ப 5 ஏக்கர் தண்ணீர் உங்கள் பக்கம் வடிய வேண்டும். இரண்டே ஏக்கர்தான் வடிகிறது என்றால் குட்டையையும் சின்னதாக வெட்டுங்கள். முக்கால்வாசி காலியாகக் கிடக்கிற பெரிய குட்டையில் சீமைக்கருவேலம்தான் முளைக்கும்.

தோண்டின மண்ணை என்ன செய்ய? (அம்பாசமுத்திரம்)

மேலே சொன்ன குட்டையில் 560 யூனிட் மண் வரும் (ஒரு யூனிட் 100 கன அடி). தோண்டினதும் பொதுமி 600-ஐத் தாண்டும். டிராக்டருக்கு ஒரு யூனிட் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் தோண்டுவதற்கு முன்பே மண் போகிற இடத்தை முடிவு செய்துவிடுங்கள். மேல்மண் ஒரு அடியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், அது வயலுக்கு. அடியில் வருகிற களிதான் கரைக்கு. சரளையைப் பாதைக்குப் போடலாம். மூன்றையும் ஒன்றாகக் குவித்துவிட்டால் எதற்கும் ஆகாது. தோண்டுகிற இட்டாச்சி இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு இது எரிச்சலாக இருக்கும். நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

எங்க மண்ணு தண்ணி தாங்குமான்னு எப்படித் தெரியும்?

ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். குட்டை வரப்போகிற இடத்தில் அதே ஆழத்துக்கு ஒரு சோதனைக்குழி போடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி மண் எடுத்து, நனைத்து, முறுக்குக்குத் திரிப்பது போலத் திரியுங்கள். விரல் கனத்துக்கு நீளமாக, முறியாமல் வந்தால் களி. பிசைந்ததும் உதிர்ந்தால் மணல். பிறகு குழியில் சாயங்காலம் தண்ணீர் நிரப்பி, ஒரு கம்பில் அடையாளம் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். முதல் நாள் மண் குடிக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மறுபடி நிரப்பி, இரண்டாம் நாள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரற்கடை இறங்கினால் கவலை இல்லை. ஒரு சாண் இறங்கினால் அந்த இடம் ஆகாது, இல்லையென்றால் களி பூச வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காரர்களுக்கு ஒன்று. உங்கள் மண் தண்ணீரைத் தாங்கும், ஆனால் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழை முழுக்க அந்த வெடிப்புக்கே போகும். பக்கமும் சரியும், அதனால் ஒன்றுக்கு இரண்டாகச் சாய்த்து வெட்டுங்கள்.

செவலுக்கு என் வைத்தியம் கரம்பை, அதாவது குளத்தடியில் படிந்த வண்டல். குளத்தில் கரம்பை எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அரை அடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட டிராக்டரால் நெல்வயலுக்குத் தொளி (சேறு) கலக்குகிற மாதிரியே கலக்கி, இறுக விட வேண்டும். என் முதல் குட்டையில் இதைத்தான் செய்தேன். முதல் வருஷம் தை கடைசியில் வற்றியது. வண்டல் படியப் படிய இப்போது பங்குனி வரை நிற்கிறது.

திசையன்விளை பக்கம் தேரி மண். குட்டை போடலாமா?

தேரி என்பது செம்மணல். அதில் சும்மா வெட்டினால் அது குட்டை இல்லை, சல்லடை. தண்ணீர் தேக்கியே ஆக வேண்டும் என்றால் தார்ப்பாய்தான். பேசாமல் மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விட்டுக் கிணற்றில் எடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் ஊர்ப்பக்கம் ஆயன்குளம் கிணற்றை மறந்துவிட்டீர்களா? 2021 மழையில் வெள்ளத்தைத் திருப்பி விட்டும் வாரக்கணக்கில் நிறையாமல் உள்ளே வாங்கிக்கொண்டே இருந்ததே. சென்னை ஐஐடிக்காரர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் பொந்து பொந்தாகக் குகை போகிறது என்றார்கள். சோதனைக்குழியில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) தட்டினால் நான் பயப்படுவது இதனால்தான். கிணற்றுக்கு அது வரம், குட்டைக்கு ஆகாது.

தார்ப்பாய் போட்டா எத்தனை மைக்ரான்?

500 மைக்ரான் எச்.டி.பி.இ. (கெட்டியான பாலித்தீன் விரிப்பு). ஓரத்தைக் கரைமேல் இரண்டடி பள்ளம் பறித்து, அதற்குள் மடக்கிப் புதைக்க வேண்டும். விரிப்பதற்கு முன் ஒரு கல், ஒரு வேர் இல்லாமல் பொறுக்கியாக வேண்டும். இன்னொன்று, இது சிரித்துக்கொண்டு படிக்கிற விஷயம் இல்லை. பாசி பிடித்த தார்ப்பாயில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது, வழுக்கும். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட வடம் கட்டி உள்ளே தொங்க விடுங்கள். பழைய டயர்களைக் கோத்துப் போட்டால் ஆட்டுக்குட்டியும் ஏறிவிடும். சுற்றி வேலி கட்டாயம். வேலிக்குப் பணம் இல்லை என்றால் தார்ப்பாயை அடுத்த வருஷம் போடுங்கள்.

மறுகால் மறுகால்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, சின்னக் குட்டைக்கு அது எதுக்கு? ரெண்டு பைப் வச்சா பத்தாதா? (மானூர்)

நானும் இப்படித்தான் கேட்டேன். என் இரண்டாவது குட்டைக்கு 8 ஏக்கர் தண்ணீர் வடிகிறது. ஒரு பக்கம் கரையை உயர்த்தி, அதற்குள் இரண்டு ஆறு அங்குலப் பைப்பைப் பதித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் என் வயதுக்கு அப்படி ஒரு மழை பார்த்ததில்லை. சாயங்காலம் டார்ச்சோடு போனேன். பைப் வாயில் கருவேலஞ்சுள்ளியும் வைக்கோலும் பந்தாக அடைத்திருந்தது. காலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கரையில் ஒரே ஒரு இடம், சரியாக இறுக்காமல் விட்டது, அரைச் சாண் தாழ்ந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் ஒரு கயிறு கனத்துக்குத்தான் வழிந்தது. மண்வெட்டி எடுக்க வீட்டுக்குப் போய் வருவதற்குள் அது மாட்டுவண்டிப் பாதை அகலம் ஆகிவிட்டது. விடியும்போது இருபது அடிக் கரையைக் காணோம். மண் முழுக்கப் பக்கத்துக்காரர் வாழைக்குள். அதை அள்ளிக் கொடுத்த செலவு குட்டை வெட்டிய செலவில் பாதி.

பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் விழுந்து, பாதி ஓடி வந்தாலே 8 ஏக்கரிலிருந்து நொடிக்கு 220 லிட்டர் வரும். அடைப்பே இல்லாவிட்டாலும் அந்த இரண்டு பைப்பும் சேர்ந்து 50 லிட்டரைத் தாண்டாது. அதே தண்ணீர் 8 அடி அகல மறுகாலில் அரை அடி உயரத்துக்கு அமைதியாகப் போய்விடும். சுள்ளி வந்தாலும் தாண்டி ஓடும். இப்போது 12 அடிக்கு வைத்திருக்கிறேன்.

மறுகாலைப் புதுக்கரை மேல் வைக்கக் கூடாது. கரை முடிந்து வெட்டாத தரை தொடங்குகிற இடத்தில் வையுங்கள். வாயில் ஒரு வரிசைக் கல் பதித்து, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பாருங்கள், கண் மட்டம் உதவாது. வெளியே போகும் வழியில் அருகம்புல் பிடிக்கட்டும். அது யார் நிலத்துக்குப் போகிறது என்று பார்த்து, அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். கரையின் தலை மறுகால் மட்டத்துக்கு மேல் இரண்டடி நிற்க வேண்டும். மண் அமுங்கும், அதனால் பத்துக்கு ஒன்று கூட்டியே கட்டுங்கள். கரைக்கு அடியில் இரண்டடி பள்ளம் பறித்துக் களியால் நிரப்பி, அதன்மேல் அரை அடி அரை அடியாக நனைத்து இறுக்கி ஏற்ற வேண்டும். வெட்டுக்கும் கரைக்கும் நடுவே மூன்றடி தரை விடுங்கள்.

மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊருக்கே பேர் வைத்த நாட்டில் இருந்துகொண்டு நான் பைப் வைத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

கரையில வேம்பு வைக்கலாமா, அண்ணே? நிழலா இருக்குமே. (தென்காசி)

வேண்டாம், தங்கச்சி. பெருமரம் எதுவும் கரைமேல் வேண்டாம். மரம் ஒரு நாள் பட்டுப்போகும், வேர் மக்கும், அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். நண்டு வளையும் எலி வளையும் போதாதா? கரைமேல் வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் போடுங்கள். புறச்சரிவின் அடியில் பனங்கொட்டை புதையுங்கள். பனை வேர் கத்தையாக மண்ணைப் பிடிக்குமே தவிரப் பருத்துக் கரையைப் பிளக்காது. நிழலுக்கு நீர்மருது, கரையிலிருந்து 20 அடி தள்ளி, மேற்கே வையுங்கள். சாயங்கால வெயில் தண்ணீரில் விழாது.

அழகும் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும், தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு ஒரு அடி கீழே, நாலடி அகலத்துக்குப் படி மாதிரி விட்டு வெட்டச் சொல்லுங்கள். அதில் கோரை வையுங்கள், பத்தமடைப் பாய்க்காரர்கள் அறுக்கிற அதே கோரைதான். பரவும், வருஷம் ஒரு தரம் அறுங்கள். அல்லியைத் தொட்டியோடு இறக்குங்கள். எதிர்ப்பக்கம் நாலு கல் போட்டு ஒரு படித்துறை. போதும்.

நடுவுல தீவு விட்டா கூந்தன்குளம் மாதிரி பறவை வருமா?

23 சென்டில் தீவா? தண்ணீருக்கான இடம்தான் போகும். கூந்தன்குளத்தில் பறவை வருவது தீவுக்காக இல்லை. ஊர்க்காரர்கள் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டினாலும் விரட்டாமல் இருக்கிறார்கள், அதனால். சரிவாக ஒரு ஓரம் விடுங்கள், கொக்கும் உள்ளானும் தானாக வரும். தண்ணீருக்குள் ஒரு பட்ட கொம்பை நட்டு வையுங்கள், மறுநாளே மீன்கொத்தி உட்காரும்.

மீன் விடலாமா?

தாராளமாக. ஆனால் நம்முடையது ஐந்தாறு மாதக் குட்டை. குஞ்சாக வாங்காமல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததாகக் கார்த்திகையில் விட்டுச் சித்திரைக்குள் பிடியுங்கள். கட்லா மேலே, ரோகு நடுவே, மிர்கால் அடியில் மேயும். மூன்றும் சேர்த்து 500-க்கு மேல் வேண்டாம். பாய்ச்சும்போது மூன்றடி தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். ஆப்பிரிக்கன் கெளுத்தி தடை செய்த மீன். யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள், அது தப்பி ஆற்றுக்குப் போனால் நாட்டு மீன் மிஞ்சாது.

தண்ணியில அமலைச்செடி (ஆகாயத்தாமரை) வந்துடுச்சு. மருந்து உண்டா?

கை. நாலு செடியாக இருக்கும்போதே பிடுங்கி வெளியே காயப் போடுங்கள்.

அண்ணாச்சி, களக்காட்டுக்காரன்தான். ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சே, இப்ப என்ன செய்ய?

வரட்டும், தம்பி. இரண்டு மணி நேரம் சீமைக்கருவேலத்தை வேரோடு பறிக்கச் சொல்லுங்கள். மீதி நேரத்தில் மூன்று இடத்தில் சோதனைக்குழி. குழியைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டு மூடி வையுங்கள், மாடு விழுந்துவிடும். எந்தக் குழியில் என்ன மண், எத்தனை அடியில் என்று எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.