உண்ணி மருந்து: உரக்கடையில் மலிவு என்று வாங்கலாமா?

கேள்வி: இரண்டு கறவை மாடும் கொஞ்சம் வெள்ளாடும் வைத்துப் பிழைக்கிறேன். மழை விட்டதிலிருந்து காதிலும் மடியிலும் உண்ணி அப்பிக் கிடக்கிறது. கால்நடை மருந்துக்கடையில் விற்கும் டெல்டாமெத்ரின், உரக்கடையில் அதே பெயரில் மலிவாக இருக்கிறது. "மருந்து ஒன்றுதான், தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? ஊசி போட்டால் சுலபம் என்றும் சொல்கிறார்களே?
(வாசகி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: வாங்காதீர்கள் அம்மா. பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு. மாட்டுக்கான டெல்டாமெத்ரின் வழக்கமாக 1.25 சதவீதம்; பயிருக்கு விற்பது பெரும்பாலும் 2.8. மாட்டு மருந்தின் கணக்கிலேயே இதையும் கலந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வீரியம் ஏறிவிடும். தண்ணீரைக் கூட்டினாலும் தீராது. அதில் சேர்த்திருக்கும் கரைப்பான் இலையில் தெளிப்பதற்கானது. ஆடு மாடோ தோலில் பட்டதை நக்கும், குட்டி வந்து மடியில் வாய் வைக்கும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கால்நடை மருந்தென்றால் ஒரு விலங்கின் தலைப்படமும், மனிதருக்கு அல்ல, விலங்குகளுக்கு மட்டும் என்ற வாசகமும் இருக்கும். பயிர் மருந்தில் சாய்சதுரமும் அதன் கீழ்ப்பாதியில் நச்சின் அளவைக் காட்டும் நிறமும் இருக்கும். சாய்சதுரம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரியான மருந்தை வாங்கியவர்களும் "அடித்தேன், மறுபடி வந்துவிட்டது, போலி மருந்து" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் மருந்தில் குற்றமில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டகைச் சுவரின் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் அடித்தால் குஞ்சுகள் பொரித்து ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் தீவனத்தொட்டியை ஒதுக்கிவிட்டு விரிசல், மூலை, முளைக்குச்சி அடி எல்லாவற்றிலும் அடியுங்கள். விரிசலைப் பூசிச் சுண்ணாம்பு அடித்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. லேபிளில் உள்ள அளவைக் குறைக்காதீர்கள். அரைகுறையாக அடித்து அடித்துத்தான் பல மாநிலங்களில் உண்ணி இந்த மருந்துக்கு மசியாமல் போயிருக்கிறது. தண்ணீர் காட்டிவிட்டு, வெயில் ஏறுமுன், கையுறை போட்டு, காதுக்குள்ளும் அலைதாடியிலும் வாலடியிலும் துணியால் தடவுங்கள். கண், வாய், மடிக்காம்பில் படக்கூடாது.

ஊசி என்று அவர்கள் சொல்வது ஐவர்மெக்டின். அது பாலில் இறங்கும். கறவை மாட்டுக்குப் போடவே கூடாது. ஆட்டுக்கு வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தொகுதி எண்ணோடு (பேட்ச் நம்பர்) பில் வாங்கி வையுங்கள். வாங்கியது காலாவதியான மருந்து என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மாடு வளர்ப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, அது உண்ணி ஏற்றிவிட்ட ரத்த ஒட்டுண்ணியாக இருக்கலாம். எந்தப் பாட்டிலும் வாங்கப் போகாமல், அன்றைக்கே மருத்துவரையோ 1962 கால்நடை ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்கள்.